வேலூர் விரியும் வேகம்: வீட்டைப் பிடிப்பதா, மனையைப் பிடிப்பதா?

வேலூர் நினைத்த பக்கமெல்லாம் பரவக்கூடிய ஊர் இல்லை. கிழக்கிலும் தெற்கிலும் மலைகள் மறிக்கின்றன, நடுவில் பாலாறு போகிறது. ஆகவே வீடுகள் சாலையைப் பிடித்துக்கொண்டே நீள்கின்றன. பாலத்தைத் தாண்டினால் காட்பாடி. அங்கிருந்து சித்தூர் சாலையும் குடியாத்தம் சாலையும். இக்கரையில் சத்துவாச்சாரி முடிந்து பெருமுகை வரை. தெற்கே பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி என்று ஆரணி சாலை. மேற்கே மேல்மொணவூர், பொய்கை. சிஎம்சி மருத்துவமனையும் விஐடி பல்கலைக்கழகமும் ஆட்களை இழுக்கின்றன. 2007-இல் ஸ்ரீபுரம் பொற்கோயில் வந்த பிறகு அரியூர்ப் பக்கமும் மனை விலை வேறாகிவிட்டது.

2008-இல் வேலூர் மாநகராட்சி ஆனது. 2011-இல் சத்துவாச்சாரி, காட்பாடிப் பகுதிகளும் சுற்றியிருந்த ஊர்களும் சேர்ந்து 60 வார்டுகள் வந்தன. எல்லைக்கோடு ஒரே அரசாணையில் நகர்ந்துவிட்டது. குழாயும் வடிகாலும் அப்படி நகராது. புதிய குடியிருப்புகள் வரும் வேகத்தை நகரம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தக் கருவியால் என்பதுதான் முடிவெடுக்க வேண்டிய விஷயம். உலகில் சில ஊர்கள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. அவற்றை நம் சட்டம், நம் மண், நம் ஆட்கள் வீடு கட்டும் விதம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு

ஆயிரம் வீடு கூடினால் நகரத்தின் மீது என்ன பாரம் ஏறுகிறது? வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் (பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வைத்திருக்கும் அளவு). 5,40,000 லிட்டர் ஆகிறது. 12,000 லிட்டர் லாரி என்றால் தினம் 45 நடை. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும்: 4,32,000 லிட்டர். பாதாளச் சாக்கடை போகாத குடியிருப்பில் இது முழுக்கத் தரைக்குள் இறங்குகிறது.

இறங்கும் தரை எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஆற்றை ஒட்டிய மணல் பட்டையை விட்டால் வேலூரின் அடி கெட்டிப் பாறை. மேலே கொஞ்ச ஆழத்துக்குச் சிதைந்த பாறையும் மண்ணும் இருக்கும், தண்ணீரும் கழிவும் அந்த அடுக்கில்தான் ஓடும். போர்வெல்லுக்கும் செப்டிக் டேங்குக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. 30-க்கு 40 மனையின் மூலைவிட்டமே சரியாக 50 அடி. ஒரு மூலையில் போரும் எதிர் மூலையில் தொட்டியும் வைத்தால்தான் ஒருவாறு தேறும். அப்போதும் பக்கத்து மனைக்காரரின் தொட்டி நம் போரை ஒட்டி வந்துவிடும். அடி பூசாமல் சிமென்ட் உறைகளை மட்டும் இறக்கிவிட்டு அதை செப்டிக் டேங்க் என்று சொல்லும் இடங்களில், தெருவில் பத்து வீடு இருக்கும் வரை எதுவும் தெரியாது. நாற்பது வீடு ஆனதும் போர் தண்ணீர் நாற ஆரம்பிக்கும்.

மழைநீரும் அப்படித்தான். 10 ஏக்கர் நிலத்தில் ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால் விழுவது சுமார் 40 லட்சம் லிட்டர். வயலாக இருந்தபோது அதில் மூன்றில் ஒரு பங்கு போல வழிந்தோடும். கூரையும் சிமென்ட் சாலையும் ஆனபின் மூன்றில் இரண்டு பங்கு ஓடும். கீழே இருக்கும் கால்வாய் மட்டும் பழைய அகலத்திலேயே இருக்கும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது கழிஞ்சூர் ஏரி வழிந்து கீழ்ப்புற நகர்களில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. ஏரிக்குக் கீழே இருந்த ஆயக்கட்டு வயல்கள் மனைகளானதையும் அந்தத் தண்ணீரையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

இப்போதிருக்கும் முறை: வருவதை அங்கீகரிப்பது

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் நமக்கு இருக்கின்றன. மனைப் பிரிவு போட விண்ணப்பித்தால் பட்டா, வில்லங்கம், சாலை அகலம், நீர்நிலைக்கு இடையூறில்லை என்ற தடையின்மைச் சான்று எல்லாம் பார்க்கிறார்கள். தண்ணீர் எந்த ஆண்டு வரும், கழிவு எங்கே போகும் என்பவை ஒப்புதலை நிறுத்தும் அளவுக்குக் கனமான கேள்விகளாக இல்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் மாடியும் கட்டுவதற்குச் சுயசான்றின் பேரில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. வீடு கட்டுவோருக்கு அது நியாயமான நிம்மதி. அதே சமயம், வேகத்தைக் கட்டட அனுமதியில் பிடிக்கலாம் என்ற வாசல் அதோடு அடைபட்டுவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த முறையின் பெரிய ஓட்டை அளவில் இருக்கிறது. 3,000 சதுர மீட்டருக்குக் குறைவான நிலத்தில் மனை பிரித்தால் பொது ஒதுக்கீட்டு இடம், அதாவது ஓஎஸ்ஆர், தர வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 வரை 10 சதவீதம் இடமாகவோ, வழிகாட்டி மதிப்பில் பணமாகவோ தரலாம். 10,000-ஐத் தாண்டினால் இடமாகத்தான் தர வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது 74 சென்ட். அதனால் நாலு ஏக்கர் கையில் இருப்பவர், இந்த வருடம் ஒரு பெயரில் 70 சென்ட், அடுத்த வருடம் இன்னொரு பெயரில் 70 சென்ட் என்று ஒட்டி ஒட்டிப் பிரிக்கிறார். ஒவ்வொன்றும் விதிப்படி சரி. மொத்தமாகப் பார்த்தால் 80 வீட்டுக்கு ஒரு பூங்கா இல்லை, தொட்டி கட்ட இடமில்லை, நான்கு துண்டுச் சாலைகள் ஒன்றோடொன்று சேராமல் முட்டி நிற்கின்றன.

இன்னொரு கோளாறு மேடாக்குவது. தாழ்வான நிலத்துக்குத் தடையின்மை கேட்டால் சாலை மட்டத்துக்கு உயர்த்திக்கொள்ளச் சொல்வார்கள். ஒரு ஏக்கரை மூன்று அடி உயர்த்த சுமார் 1,300 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) கிராவல் வேண்டும். கொட்டியதும் அந்த மனைப் பிரிவு தப்பித்துக்கொள்ளும். இருபது வருடத்துக்கு முன் வீடு கட்டிக்கொண்ட பக்கத்து நகர் பள்ளமாகிவிடும்.

2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டதும், அவற்றை ஒழுங்குபடுத்த 2017-இல் வரன்முறை விதிகள் வந்ததும், 20.10.2016 என்று கெடு தேதி வைத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தடை ஒன்றைக் காட்டியது: தமிழ்நாட்டில் மனைச் சந்தையை நிஜமாக நிறுத்தும் ஒரே இடம் சார்பதிவாளர் அலுவலகம்.

ஆண்டுக்கு இத்தனை வீடு என்று உச்சவரம்பு

கலிபோர்னியாவின் பெடலூமா 1972-இல் ஆண்டுக்கு 500 வீடு என்று வரம்பு வைத்தது. சிறு கட்டுமானங்களுக்கு விலக்கு. கட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள், 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. கொலராடோவின் போல்டர் 1976-இல் ஆண்டு வளர்ச்சியைச் சுமார் 2 சதவீதத்துக்குள் வைக்க முடிவெடுத்தது. வளர்ச்சி மட்டுப்பட்டது உண்மை. வேலை மட்டும் ஊருக்குள் வளர்ந்ததால் ஆட்கள் வெளியூரில் குடியிருந்து தினமும் கார் ஓட்டி வரும் நிலையும் வந்தது.

வேலூருக்கு இது ஒவ்வாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அங்கே ஒரே நிறுவனம் நிலம் வாங்கி, இருநூறு வீடு கட்டி, வீடாக விற்கிறது. அனுமதியை நிறுத்தினால் நிறுவனம் காத்திருக்கும். இங்கே புரோமோட்டர் மனையை விற்றுவிட்டுப் போய்விடுகிறார். வாங்கியவர்கள் பிள்ளை படிப்பு முடியட்டும், சேமிப்பு சேரட்டும் என்று பத்து, இருபது வருடத்தில் ஒவ்வொருவராகக் கட்டுகிறார்கள். ஆண்டு வரம்பு வந்தால் அடிபடுவது, வங்கிக் கடன் அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வருட எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று கேட்கும் ஓய்வூதியர். விற்ற ஆளுக்கு ஒரு கீறலும் இருக்காது. வாடகையும் ஏறும். பாகாயத்திலும் காந்தி நகரிலும் அறை தேடும் செவிலியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும்தான் அதைக் கட்ட வேண்டியிருக்கும். வரம்புக்குள் இடம்பிடிக்க என்னென்ன நடக்கும் என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

எல்லைக்கோடு போடுவது

இதற்கு மேல் நகரம் போகாது என்று கோடு போடும் முறைக்கு அமெரிக்காவின் போர்ட்லேண்ட் பெயர் பெற்றது. 1973-இல் ஓரிகன் மாநிலம் போட்ட சட்டத்தின் தொடர்ச்சி அது. அங்கே மாநிலச் சட்டமே பின்னால் நின்றது, பல ஊராட்சிகளுக்கும் சேர்த்து ஒரே பிராந்திய அமைப்பு கோட்டைக் காத்தது. நம்மிடம் மாநகராட்சி எல்லை முடியும் இடத்தில் ஊராட்சி தொடங்கும். கரசமங்கலத்திலும் கணியம்பாடியிலும் மாநகராட்சி சொல் செல்லாது. சித்தூர் சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் கிறிஸ்டியான்பேட்டை தாண்டி மாநிலமே மாறிவிடும். கோட்டுக்கு வெளியே தாவும் வளர்ச்சி, உள்ளே இருப்பதைவிடக் குறைந்த வசதியோடு வரும்.

முழு நகரத்துக்கும் கோடு சரிப்படாது என்றாலும் சில இடங்களைச் சுற்றிக் கோடு போட்டே ஆக வேண்டும்: ஏரி நீர்ப்பரப்பு, வரத்துக் கால்வாயின் இரு கரை, கலங்கலுக்கு (ஏரி நிரம்பினால் நீர் வழியும் இடம்) கீழே தண்ணீர் போகும் பாதை. கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஏரியை அளந்து கல் நடுகிறார்கள், கலங்கலிலிருந்து ஆறு வரை போகும் பாதைக்கு யாரும் கல் நடுவதில்லை. மறுகால் போகும்போதுதான் அது எவ்வளவு அகலம் என்று தெரிகிறது. நஞ்சை நிலத்துக்கு முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) பகுதிக்கு வெளியே பயன்பாடு மாற்ற மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை என்று 2017-இன் நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இசைவைத் தரும்போது கலங்கல் பாதை வரைபடத்தை மேசையில் விரித்தால் பாதி வேலை முடிந்தது.

கட்டணத்தை ஏற்றுவது

சீக்கிரம் சொல்லிவிடலாம். வளர்ச்சிக் கட்டணம் இருக்கிறது, பெரிய கட்டடங்களுக்கு உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணமும் இருக்கிறது. பின்னது மாநில அளவிலான நிதிக்குப் போகிறது. கட்டணம் மட்டும் வேகத்தைக் குறைக்காது, மனை விலையோடு சேர்ந்து வாங்குபவர் தலையில் இறங்கும். குழாய் போன இடத்துக்குக் குறைவாகவும் போகாத இடத்துக்கு அதிகமாகவும் விகிதம் வைத்து, வசூலித்த தொகையை அதே வார்டுக்கென்று தனிக் கணக்கில் போட்டால் பயனுண்டு. பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் கொடுத்த நகருக்கு ஒரு அடிக் குழாய்கூட வராது.

வசதி முந்தி, மனை பிந்தி

நியூயார்க் அருகே ராமபோ என்ற புறநகர் ஊர் 1969-இல் மதிப்பெண் முறை கொண்டுவந்தது. சாக்கடை, வடிகால், பூங்காவும் பள்ளியும், சாலை, தீயணைப்பு நிலையம் ஆகியவை எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். 15 புள்ளி சேர்ந்தால் அனுமதி. சேரவில்லையென்றால், ஊர் தன் 18 ஆண்டு முதலீட்டுத் திட்டப்படி வசதி கொண்டுவரும் வரை காத்திருக்கலாம், அல்லது கட்டுநரே வசதியைச் செய்து புள்ளி வாங்கலாம். 1972-இல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் இதை ஏற்றது. ஊர் தன் பங்கு வேலைகளைச் சொன்ன நேரத்தில் முடிக்கவில்லை. 1980-களில் முறையே கைவிடப்பட்டது.

புளோரிடா மாநிலம் 1985-இல் இதையே சட்டமாக்கியது. சாலை நெரிசலையும் சோதனையில் சேர்த்ததால் ஒரு வினோதம் நடந்தது: நகருக்குள் சாலை ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் அனுமதி கிடைக்காமல், காலிச் சாலை இருந்த வெளிப்புறத்துக்குக் கட்டுமானம் ஓடியது. 2011-இல் சாலைக்கான கட்டாயத்தை மாநிலமே தளர்த்தியது. கிரீன் சர்க்கிளையும் காட்பாடி சாலையையும் காரணம் காட்டி ஊருக்குள் அனுமதி மறுத்தால் இங்கேயும் அதுவே நடக்கும். எல்லாம் கணியம்பாடிக்கும் லத்தேரிக்கும் போகும். ஆகவே நம் சோதனையில் தண்ணீர், மழைநீர், கழிவுநீர் மூன்று மட்டும் இருக்கட்டும்.

எப்படிச் சோதிப்பது? 200 மனைப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். நாள் தேவை 1,08,000 லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, 36,000 லிட்டர், தாங்கும் மேல்நிலைத் தொட்டி வேண்டும், அதை நிரப்பும் நீர் எந்தக் குழாயிலிருந்து என்று எழுத்தில் வேண்டும். “காவிரிக் கூட்டுக் குடிநீர்” என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்தப் பிரதான குழாய், என்ன விட்டம், இப்போது அதில் எத்தனை இணைப்பு என்று இருக்க வேண்டும். மழைநீருக்கு, மனைப் பிரிவின் வடிகால் கடைசியாக விழும் இடத்தின் மட்டம், தெருவின் மட்டத்தைவிடத் தாழ்வா என்று லெவல் எடுத்துக் காட்ட வேண்டும். நம் நகர்களில் தேங்குவதற்கு முக்கால்வாசிக் காரணம், வடிகால் அழகாகக் கட்டப்பட்டு, மேடான பழைய சிறுபாலத்தில் போய் முட்டுவது. கழிவுநீருக்கு, மூன்றாண்டுக்குள் பாதாளச் சாக்கடை வருமா, வராவிட்டால் பொதுச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் தலா ஐந்து புள்ளி, பத்து வந்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் பூஜ்ஜியம் கூடாது.

மனையைக் கட்டம் கட்டமாக விடுவிப்பதுதான் இதன் பல். கர்நாடகத்தில் தனியார் லேஅவுட் மனைகளை வேலை முடிய முடியத் தவணையாக விடுவிக்கும் வழக்கம் உண்டு. தெலங்கானாவில் 15 சதவீத மனைகளை அரசு அமைப்பிடம் அடமானமாக வைத்து, வேலை முடிந்ததும் மீட்கிறார்கள். இங்கேயும் சாலையும் வடிகாலும் முடிந்தால் 40 சதவீதம், தண்ணீர் வந்தால் 30, கழிவுநீர் வழி உறுதியானால் மீதி 30 என்று வைக்கலாம். விடுவிக்காத மனை எண்களைச் சார்பதிவாளருக்கு அனுப்பிவிட்டால் பத்திரம் பதிவாகாது. நில வணிக ஒழுங்குமுறை ஆணையம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களைப் பதிவு செய்யச் சொல்வதால் அந்தப் பட்டியலும் கைவசம் இருக்கும்.

74 சென்ட் தந்திரத்துக்கும் இங்கேயே மருந்து இருக்கிறது. ஐந்தாண்டுக்குள் அதே மூலப் பத்திரத்திலிருந்து பிரிந்த நிலங்களை ஒரே மனைப் பிரிவாகக் கூட்டிக் கணக்கிட வேண்டும். மாநில விதியில் ஒரு திருத்தம் வேண்டியிருக்கும், செய்யக்கூடிய திருத்தம்தான்.

நிலத்தைச் சேர்த்துப் பிரிப்பது

அகமதாபாத் விரிந்தது இப்படித்தான். 1976-ஆம் ஆண்டு குஜராத் சட்டப்படி, ஒரு பகுதியின் நிலங்கள் அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து, 15 சதவீதம் சாலைக்கு, 5 பூங்காவுக்கு, 5 பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு, 15 விற்றுச் செலவை ஈடுகட்ட என்று எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக அதே உரிமையாளர்களுக்குத் திருப்பித் தருகிறார்கள். ஒரு ஏக்கர் கொடுத்த விவசாயிக்கு 60 சென்ட் சாலை முகப்போடு திரும்பி வரும். தமிழ்நாட்டிலும் நிலத் தொகுப்புக்குச் சட்டத்தில் இடமுண்டு.

காட்பாடிக்கு வடக்கே இன்னும் துண்டுபடாத நிலங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சிரமங்களும் சிறியவை அல்ல. கூட்டுப் பட்டா, வெளிநாட்டில் வாரிசு, நடுவே கோயில் நிலம், வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று ஒவ்வொன்றும் ஓராண்டு தின்னும். பக்கத்து மாநிலத்தின் அமராவதியில் விவசாயிகள் 33,000 ஏக்கருக்கு மேல் கொடுத்துவிட்டு, 2019-இல் ஆட்சி மாறியதும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததை இங்கே எல்லோரும் பார்த்தார்கள். அதனால் 40, 60 ஏக்கருக்கு மிஞ்சாத ஒரு தொகுப்பில் தொடங்கி, அதை முடித்துக் காட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

எங்கே எது

ஏற்கெனவே மனை விற்றுப்போன நகர்களில் வேகத்தைத் தடுக்க நினைப்பது வீண், அநியாயமும்கூட. அங்கே செய்ய வேண்டியது காலி மனைகளை நிரப்புவது. 40 மனைத் தெருவில் 10 வீடு இருந்தால் குழாய்ச் செலவு வீட்டுக்கு நான்கு மடங்கு. காலிமனை வரியை ஒழுங்காகக் கேட்டு வாங்கினாலே கணிசமானோர் கட்டுவார்கள், அல்லது கட்டுபவருக்கு விற்பார்கள். பாதாளச் சாக்கடை போன வார்டுகளில், அகலமான சாலையை ஒட்டி, கூடுதல் தளப்பரப்பு விதிகளைப் பயன்படுத்தி மேலே எழும்பலாம். கோட்டையைச் சுற்றி முதல் 100 மீட்டர் தடை, அடுத்த 200 மீட்டர் தொல்லியல் துறையின் கட்டுப்பாடு என்பதால் பழைய ஊர்ப் பகுதியில் அந்தப் பேச்சு எடுபடாது.

சத்துவாச்சாரிக்கு அப்பாலும் ஆரணி சாலையிலும் புதிய மனைப் பிரிவுகளுக்கு மதிப்பெண் சோதனையும் தவணை விடுவிப்பும் பொருந்தும். காட்பாடி வடக்கில் நிலத் தொகுப்பு. ஏரிக்கும் கலங்கல் பாதைக்கும் மட்டும் அசையாத எல்லைக்கோடு.

இதில் மாநகராட்சிக்கும் ஒரு கட்டு வேண்டும். ராமபோவில் ஊர் தன் வேலையை முடிக்காததுதான் முறையைக் கெடுத்தது. ஆறாண்டுக் குழாய், வடிகால் திட்டத்தை வார்டு வாரியாக மாமன்றத்தில் நிறைவேற்றி, எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு என்று ஒட்ட வேண்டும். அந்த ஆண்டு தவறினால் அந்தப் புள்ளியை மனைப் பிரிவுக்குத் தானாகக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காத்திருப்பு என்பது மறுப்பின் இன்னொரு பெயராகிவிடும், முதல் வழக்கிலேயே விதி விழும்.

சட்ட வலு பற்றிச் சந்தேகப்படுவோருக்கு ஒரு குறிப்பு. தோல் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. கெடுதல் நடந்து முடிந்தபின் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, வருமுன் தடுப்பது அரசின் கடமை என்பது அதன் சாரம். அந்தக் கொள்கை இந்திய நீதிமன்றங்களுக்குள் நுழைந்ததே நம் ஆற்றின் பெயரால். அதே ஆற்றுப்படுகையில் 4 லட்சம் லிட்டர் வீட்டுக் கழிவு தினமும் இறங்குவதற்கு முன், அது எங்கே போகும் என்று கேட்க மாநகராட்சிக்கு அதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை.

கடைசியாக, தேதி. புது விதி வருகிறது என்று ஆறு மாதம் பேசிக்கொண்டிருந்தால், அந்த ஆறு மாதத்தில் பத்தாண்டுக்கான மனைப் பிரிவு விண்ணப்பங்கள் வந்து குவிந்துவிடும். எல்லாம் பழைய விதியில் ஒப்புதல் பெறும். மாமன்றக் கூட்டப் பொருள்பட்டியலில் தீர்மானம் இடம்பெறும் நாளையே கெடு தேதியாகத் தீர்மானத்துக்குள் எழுத வேண்டும். அதற்கு முன் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நிலுவையிலுள்ள விண்ணப்பங்களின் சர்வே எண் பட்டியலை எடுத்து மூடி முத்திரையிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.